தெரியாததெல்லாம் மச்சானுக்கு

காவிரிக்கு மேற்கே மணலூத்து, கிழக்கே செங்காடு, இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். புறவழிச்சாலைக்குக் குழி தோண்டிய இயந்திரம், ஒரே பள்ளத்தில் கிடந்த இரண்டு ஊர் இன்டர்நெட் கேபிள்களையும் ஒரே கொத்தில் அறுத்துப் போட்ட அன்று காலையில், எங்கே போவது என்று தெரியாமல் இருந்தவர்கள் எல்லாரும் இரண்டு ஊரிலும் வாசலை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பாலத்தில் நடக்கத் தொடங்கினார்கள். மணலூத்திலிருந்து போனவர்கள் செங்காட்டு முனையைத் தொட்டதும் திரும்பினார்கள்; செங்காட்டிலிருந்து வந்தவர்கள் மணலூத்து முனையைத் தொட்டதும் திரும்பினார்கள். யாரும் அவசரப்படவில்லை, யாரும் நிற்கவுமில்லை. வெயில் ஏறியபோது பெண்கள் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள், ஆண்கள் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்து, விடிந்ததும் மறுபடி வந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே பஸ்ஸை ஊர்ந்து ஓட்டிய டவுன் பஸ் டிரைவர், இன்றைக்கு ஏதும் விசேஷமா என்று மட்டும் கண்டக்டரைக் கேட்டாராம். இருக்கும் என்றாராம் கண்டக்டர்.

அந்தக் கூட்டத்தில் முதல் நாளே என் அம்மாவும் இருந்தாள்.

நான் மணலூத்தில் நாச்சிமுத்து அண்ணனின் பிராட்பேண்ட் ஆபீஸில் ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் செய்ய எனக்கு வராது. ஒரு வரியை எழுதிவிட்டு டீக்கடை வரை போனவள், அந்த வரி அப்படியேதான் இருக்கிறதா என்று பாதி டீயில் திரும்பி வந்து பார்த்ததுண்டு. ஆகவே இங்கே சொல்வதில் நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவுமே சொல்கிறேன்.

ரவுட்டர் என்பது முச்சந்தியில் நின்று வழி காட்டுகிற ஆள் மாதிரி. இந்த இடத்துக்கு இந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக நாம் கையால் எழுதி வைத்தால் அது ஸ்டேட்டிக் ரூட். அப்படி எழுதாத அத்தனைக்கும் சேர்த்து, தெரியவில்லையென்றால் அந்தப் பக்கம் தள்ளிவிடு என்று ஒரே ஒரு வரி எழுதினால் அது டீஃபால்ட் ரூட். எங்கள் ரவுட்டரில் அந்த வரி ஈரோட்டிலிருந்து வரும் பெரிய லைனைக் காட்டியது. செங்காட்டில் இதே தொழில் செய்யும் அர்த்தநாரியின் ரவுட்டரிலும் அப்படித்தான். அர்த்தநாரி, நாச்சிமுத்து அண்ணனின் தங்கை ஈஸ்வரியைக் கட்டியவர். அவருடைய மகளின் சீருக்குத் தாய்மாமன் தட்டு பாலத்தில் வந்துகொண்டிருக்கும்போதே, நல்ல நேரம் போகிறது என்று அங்கே சீரைத் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மச்சான்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாவிட்டால் போகிறது, லைன் போனால் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்க வேண்டும் என்று ஈஸ்வரியக்கா இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் இரண்டு ரவுட்டரிலும் இரண்டாவதாக ஒரு வரி இருந்தது: ஈரோட்டு லைன் செத்தால், தெரியாததெல்லாம் மச்சானுக்கு.

ஒருவருடைய லைன் மட்டும் சாகும்வரை அது நல்ல ஏற்பாடுதான். உறவு நன்றாக இருந்த காலத்தில் ஒரே பள்ளத்தில் போட்ட இரண்டு லைனும் சேர்ந்து செத்ததும், இவர் தெரியாததை அவருக்கு அனுப்பினார், அவர் தெரியாததை இவருக்கே திருப்பி அனுப்பினார், இரண்டு பேரும் தங்கள் கடமையைச் சரியாகவே செய்தார்கள். அப்படிச் சுற்றும் தகவல் பொட்டலம், அதாவது பாக்கெட், ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதன் ஆயுளில் ஒன்று குறையும். குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் ஆனதும், அப்போது அதைக் கையில் வைத்திருக்கும் ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும். காலத்துக்கும் சுற்றி வழியை அடைக்கக் கூடாது என்று யாரோ முன்யோசனையோடு செய்த ஏற்பாடு அது. படிக்கும்போது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

என் அம்மா சாந்தாமணி செங்காட்டு மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில், கடைசியில் அதன் புது ஷெட்டில், வேலை பார்த்தவள். அப்பா போன பிறகு அந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தாள். முதல் சம்பளம் கைக்கு வந்ததும் என்னைப் போன்றவர்கள் வீட்டில் சொல்கிற முதல் வாக்கியத்தை நானும் சொன்னேன்: "இனிமே நீ மில்லுக்குப் போகவேண்டாம்மா." அம்மா, "செரி கண்ணு" என்றாள். தெருவில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அவள் வீட்டிலேயே இருந்தாள். துவைத்ததையே துவைத்தாள், அடுக்கியதையே அடுக்கினாள். கேபிள் அறுந்த அன்று காலையில் தலை வாரிப் பின்னிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கடைக்கு என்று நினைத்தேன். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் பாலம் முழுதும் தெரியும். அவளுடைய ஊதாச் சேலை போவதும் வருவதுமாக இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், உபயோகமாக எடுத்துக்கொண்டது. எங்கள் முனையில் டீக்கடை வைத்திருக்கும் குழந்தைவேலு இரண்டாம் நாளே ஒரு பொட்டலத்தை ஒரு பெரியவர் கையில் கொடுத்து, "எப்படியும் அந்தக் கரைக்குத்தானுங்க போறீங்க, இந்த வடையச் சைக்கிள் கடைக்காரருகிட்டக் குடுத்துருங்க" என்றார். பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். அந்த முனையைத் தொட்டதும் திரும்பாமல், நேராகச் சைக்கிள் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, பிறகுதான் திரும்பினார். விஷயம் பரவியது. தைக்கக் கொடுத்த ஜாக்கெட், பிள்ளை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா, மாவு, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம், சுற்றுக்காரர்கள் என்று ஊர் பேர் வைத்துவிட்ட அவர்கள் கையில் பாலம் கடந்தன. ஒரு விலாசம் கையில் இருக்கும்வரை அவர்கள் அங்கே சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அது கையை விட்டுப் போனதும் பாலத்துக்கே வந்தார்கள்.

"கொரியர் ஆபீஸ மூடீட்டாங்களாமா?"

"மூடாம என்ன பண்ணுவாங்க. இவங்க கேக்காமயே கொண்டுபோய்க் குடுக்கறாங்க."

"ஒரே கொறை, குடுத்ததுக்குக் கையெழுத்து வாங்க மாட்டேங்கறாங்க."

"உன்ற கையெழுத்த வாங்கி அவங்க என்ன பண்றது? பேங்க்காரனே வேண்டாங்கறான்."

இப்படித்தான் குழந்தைவேலு கடையில் பேச்சு ஓடியது. அவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் ஏன் வருகிறது என்று யார் கேட்கிறார்கள்.

பாலத்தின் நடுவில் இரண்டு தளங்கள் சேருமிடத்தில் ஓர் இரும்புத் தகடு உண்டு. யார் மிதித்தாலும் டங்கென்று சத்தம் வரும். சுற்றுக்காரர்கள் மிதிக்கும்போது அந்தச் சத்தம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மைனா இறங்கி உட்கார்ந்த அளவுக்குத்தான் கேட்டது. அவர்கள் எடை குறைகிறது என்பதைத் தேங்காய் விற்கும் மாராயிதான் முதலில் கண்டுபிடித்தார். ஆற்றுக்காற்றில் ஓர் ஆள் கைப்பிடிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போகப்பட்டதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் அவர் பையில் ஒரு தேங்காயைப் போட்டார். ஆள் நிலைத்து நின்று நடந்தார். அதற்குப் பிறகு சுற்றுக்காரர்கள் எல்லார் பையிலும் ஒரு தேங்காய் இருந்தது. இரண்டு ஊர் வியாபாரிகள் சங்கமும் பாலத்தின் நடுவில் நாற்காலி போட்டுக் கூடி, தேங்காய் எந்த ஊர்ச் செலவு என்று வெகுநேரம் வாதாடி, மணலூத்துக்காரர்கள் தேங்காயும் செங்காட்டுக்காரர்கள் மோரும் தருவதென்று முடிவு செய்து, மோரில் உப்புப் போதவில்லை என்ற மனத்தாங்கலோடு கலைந்தார்கள். குரலும் எடையோடு சேர்ந்து இறங்கியது. மோர் வாங்கிக்கொண்டு அவர்கள் நன்றி சொன்னால், குனிந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படிக் குறைந்து குறைந்து முடிந்துபோனவர் ஒரு கம்பளிக்காரர். வடக்கேயிருந்து வந்தவர், அவர் பேர் இரண்டு ஊரிலும் யாருக்கும் தெரியாது. தோளில் கம்பளிகளை அடுக்கிக்கொண்டு சுற்றியவர் ஒரு மத்தியான நேரத்தில், இரும்புத் தகட்டைத் தாண்டியதும் இல்லாமல் போனார். கம்பளிகள் மட்டும் நின்ற உயரத்திலிருந்து மெதுவாக இறங்கித் தரையில் அமர்ந்தன. நான் இதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள், "முடிஞ்சுபோச்சு, பாவம்" என்றார்கள். கம்பளிகளை உதறி மடித்து, குடிநீர் மோட்டார் அறையில் பத்திரமாக வைத்துப் பூட்டினார்கள். யாரோ அந்த இடத்தில் ஒரு சாமந்தி மாலையைப் போட்டார்கள். மற்ற சுற்றுக்காரர்கள் மாலையை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள். என் அம்மாவும் ஒதுங்கி நடந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா வாசற்படி ஏறியபோது எனக்குச் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சமையலறையில் நிற்கிறாள்.

மறுநாள் நாச்சிமுத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டபடி கேட்டார்.

"அப்ப நம்முளதுல அந்த ரெண்டாவது வரிய எடுத்துட்டாச் சுத்தறது நின்னுருமா அம்மிணி?"

"நின்னுருமுங்ணா. ரெண்டு பேருல யாரு எடுத்தாலும் நிக்குமுங்."

"அப்ப அவன எடுக்கச் சொல்லு. நா எடுத்தா எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே சொன்ன மாதர ஆயிரும்."

"அவரும் இதேதான் சொன்னாராமுங். ஈஸ்வரியக்கா போன்ல சொன்னாங்க."

அண்ணன் மடித்த சட்டைக் கையை மறுபடி இறக்கிவிட்டார். "செரி, பெரிய மனுசனா நாமளே எடுத்தர்லாம். எடு."

நான் கையைத் தட்டச்சுப் பலகையில் வைக்கவில்லை. "எடுத்தா, வழி தெரியாதது எல்லாமே அந்த நிமிசமே கீழ விழுந்துருமுங்ணா. சுத்தறதுக்குக்கூட நேரம் இருக்காது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்கம்மா இப்ப அங்கயா இருக்குது?"

"ஆமாங்."

"அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும். தொடாத."

எடுத்தால் உடனே முடியும், எடுக்காவிட்டால் மெல்ல முடியும். மிச்சமிருந்தது ஒரே வழி: பொதுவான வரி இருக்கும்போதே ஒன்றுக்காக மட்டும் குறிப்பாக ஒரு வரி எழுதினால், ரவுட்டர் குறிப்பானதைத்தான் எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் ஆபீஸ் தந்த மோடம் ஒன்று இருந்தது, அதற்கென்று ஒரு விலாசம் இருந்தது. அந்த விலாசத்துக்கு மட்டும் ஒரு ஸ்டேட்டிக் ரூட் எழுதினேன். ஜன்னலில் பார்த்தேன். அம்மா எங்கள் முனைக்கு வந்ததும் திரும்பாமல் நேரே தெருவில் இறங்கி வீட்டுக்குப் போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் தலை வாரிப் பின்னிக்கொண்டு மறுபடி கிளம்பினாள். வீடு அவள் கிளம்பிய இடம். கிளம்பிய இடத்துக்கே ஒருத்தியை அனுப்பி வைத்துவிட்டு, சேர்த்துவிட்டேன் என்று நான் நினைத்திருக்கிறேன்.

அடுத்து, ஊரார் செய்ததைச் செய்து பார்த்தேன். செங்காட்டுச் சந்தையில் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னேன். வீட்டில் கொத்தமல்லி ஒரு கட்டு இருந்தது, அது அவளுக்குத் தெரியும். பாதிப் பாலத்திலேயே அந்த வேலை அவள் கையை விட்டு நழுவிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினாள். பொய்யாக ஒரு வேலையைக் கொடுத்தால் அது நிற்கவில்லை என்பதைப் பிறகு வேறு பிள்ளைகளும் வந்து சொன்னார்கள். எல்லாரும் என்னைப் போலவே முதல் சம்பளம் வாங்கியவர்கள்.

அவள் பையில் இப்போது இரண்டு தேங்காய்கள் இருந்தன. மாராயி என் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவதைப் போட்டார்.

ஒரு நாள் காலையில் ஆபீஸில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், மச்சான்கள் இருவருக்கும் நடுவிலான லைனில் சுற்றிக்கொண்டிருந்த பொட்டலங்களைத் திரையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை வரிசையாக ஓடின. ஒவ்வொன்றிலும் எங்கிருந்து என்று ஒரு விலாசம், எங்கே என்று ஒரு விலாசம். விலாசம் இல்லாத ஒன்றையாவது பார்க்கலாம் என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. இருக்கவும் முடியாது. எங்கே போக வேண்டும் என்று எழுதாமல் ஒரு பொட்டலம் கிளம்பவே கிளம்பாது. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வழி தெரியாமல் இருப்பது பொட்டலத்துக்கு அல்ல, ரவுட்டருக்கு. இத்தனை நாளும் இரண்டு ஊரும், நானும், எங்கே போவதென்று தெரியாதவர்கள் என்றே அவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம். தெரியாமல் இருந்தது எங்களுக்குத்தான்.

கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடினேன். அம்மா அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். கூடவே நடந்தேன், அவள் நிற்கமாட்டாள்.

"அம்மா."

"வந்துட்டியா கண்ணு. சாப்புட்டியா?" குனிந்துதான் கேட்க முடிந்தது.

"நீ எங்கம்மா போகோணும்?"

"மில்லுக்கு" என்றாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"மில்லுக்கா? அப்பறம் எதுக்கு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பித் திரும்பி வர்ற?"

"அங்க போனா வழி தெரிய மாட்டேங்குது கண்ணு. இத்தன வருசம் போன வழிதான். யாரக் கேட்டாலும், மக இஞ்சினியராயிட்டா, இன்னி உங்களுக்கென்னுங்க மில்லுலன்னு திருப்பி உட்டர்றாங்க. இந்த முனைக்கு வந்தா நீ வேண்டாம்னு சொன்னது ஞாபகம் வந்துருது. திரும்பிக்கறேன்."

இரும்புத் தகட்டை மிதித்தோம். என் காலுக்கு மட்டும் சத்தம் வந்தது.

"எதுக்கும்மா மில்லு? நான்தான் சம்பாரிக்கறேனே."

"நீ சம்பாரிக்கறது செரி. அதுக்கு நா என்ன பண்றது? அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடறதுல என்ற கை வேகத்துக்கு அங்க ஆளில்ல. அப்பறம் அந்த ராஜாமணி. டீக்கு மணியடிச்சா முன்னாலயே ஓடிப்போயி காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்குவா. அவள எந்திரிக்க வெக்கறதுக்கு நா இருந்தாத்தான் உண்டு. இப்ப ஜாலியா உக்காந்திருப்பா."

முதலில் எனக்குத் தோன்றியது தெருவில் என்ன சொல்வார்கள் என்பதுதான். இஞ்சினியர் மகள், மில்லுக்குப் போகும் அம்மா. அந்த எண்ணம் பாலத்தின் கால்வாசி தூரம் என்னோடு வந்தது. அப்போது ஆற்றுக்காற்று ஒன்று எழுந்து, தேங்காய்ப் பையோடு சேர்த்து அம்மாவை என் தோள்மேல் சாய்த்தது. துவைத்துக் காய்ந்த துணி வந்து விழுந்தது போல இருந்தது. அவள் என்னைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "காத்து இன்னிக்கு சாஸ்தி" என்றாள்.

மில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பஸ் அவர்களை மூட்டை கட்டினாற்போல எடுத்துப்போய் கேட்டுக்குள்ளேயே இறக்கிவிடும். வேலையை விட்டவளை அது ஏற்றாது. நடந்து போகிறவளுக்கு வழி வேண்டுமென்றால் இரண்டு கரையிலும் எழுத வேண்டும். எங்கள் பக்கத்து வரியைப் போனிலிருந்தே எழுதினேன்: மில்லுக்கு, அர்த்தநாரி பக்கம். அந்தப் பக்கத்து வரியை அவரிடம்தான் கேட்க வேண்டும். அம்மாவைச் செங்காட்டு முனைவரை கூட்டிப் போனேன். முனையைத் தொட்டதும் அவள் வழக்கம்போல் திரும்பினாள். "நீ போயிட்டு வா கண்ணு, நா இங்கதான இருப்பேன்" என்றாள். அது எவ்வளவு நேரத்துக்கு உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

அர்த்தநாரி அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்தாளு ஆபீஸ்ல இருக்கற புள்ளயல்ல?"

"ஆமாங்ணா."

"அனுப்பிச்சாரா?"

"இல்லீங். நானாத்தான் வந்தேன்."

"அப்ப உக்காரு. அனுப்பியிருந்தா நிக்க வெச்சிருப்பேன்."

உட்கார்ந்தேன். "உங்க ரவுட்டர்ல மில்லோட புது ஷெட்டுக்கு வழி இல்லீங்ணா. அதுக்குத் தெரியல. தெரியாததுனால எங்களுக்கு அனுப்புது."

அவர் உரிப்பதை நிறுத்தினார். "எனக்கா மில்லு தெரியாது? எட்டிப் பாரு, காம்பவுண்டு சொவரு தெரியுதா? அந்த நெழல்லதான் தெனமும் என்ற வண்டி நிக்குது."

"உங்களுக்குத் தெரியுமுங். உங்க ரவுட்டருக்குத்தான் யாரும் சொல்லலீங்."

இரண்டு கடலையை உரித்தார், ஒன்றை எனக்கு நீட்டினார். "பழைய ஷெட்டுக்கு எழுதியிருந்துச்சு. புது ஷெட்டு கட்டித் தனியா ரவுட்டரு வெச்சாங்க. அவுங்க சொல்லல, நா கேக்கல. செரி, இப்ப என்னோட ரவுட்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதோணுமா?"

"இல்லீங்ணா. தெரியும்னு எழுதோணும். ஒரே வரி."

"நீயே எழுது. நா கண்ணாடி கொண்டாரல." ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். மில்லின் விலாசம், அதன் அளவு, அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதினேன். "இதுல மச்சான் பேரு எங்கயும் வரலியே?" என்றார். வராது என்றேன். "அப்ப அமுக்கு."

நான் ஒருமுறை சரிபார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு அமுக்கினேன்.

அந்த ஆபீஸ் வாசலிலிருந்து பாலத்தின் முனை நேரே தெரியும். ஊதாச் சேலை தூரத்தில் வந்தது, காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தது, கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டியது, முனையைத் தொட்டது, வழக்கமாகத் திரும்புமிடத்தில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, யாரோ கூப்பிட்டது போல நின்றது. பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தாள். இடதுபக்கம் திரும்பினாள். சுவரை ஒட்டி, அர்த்தநாரி அண்ணனின் வண்டியைத் தாண்டி, மில் கேட்டில் வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லி, இரண்டு தேங்காய்களையும் எடுத்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது இரண்டு ஊருக்கும் தெரியும். பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு பெஞ்சு போட்டு, வருகிறவர்களிடம் கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் இருந்தது. ஒருவர் பழைய சினிமாக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்றார். அது கல்யாண மண்டபமாகி வெகுகாலம் ஆகிறது. அங்கேயே வழி எழுதிக் கொடுத்தோம். யாரோ வீட்டுக் கல்யாணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டு, சாப்பிட்டு, படம் சுமார்தான் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஒருநாள் நாச்சிமுத்து அண்ணனே வெள்ளைச் சட்டையோடு பாலத்தில் நடந்துகொண்டிருந்தார். வாக்கிங் என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஈஸ்வரியக்கா வந்து கேட்டார். அன்று மத்தியானம் அண்ணன் தங்கை வீட்டில் சாப்பிட்டார் என்றும், மச்சான்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், ஆனால் ரசம் கைமாறியது என்றும் கேள்விப்பட்டேன். ஈரோட்டு லைனை ஒட்டினார்கள். மோட்டார் அறையில் கம்பளிகள் அப்படியே இருக்கின்றன. அந்தக் கம்பளிக்காரரிடம் மட்டும் நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதற்கு எந்த ரவுட்டரிலும் இப்போது எழுத வரி இல்லை.

ஆனால் அம்மா மில் கேட்டுக்குள் போன அன்று காலையில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. போவதற்கு வழி எழுதினால் மட்டும் போதாது, பதில் திரும்பி வந்தால்தான் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. அர்த்தநாரி அண்ணனின் ஆபீஸ் வாசலிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்குள் போனவள் உள்ளே எந்த இடத்திலாவது இல்லாமல் போயிருந்தால், சேலையும் பையும் மட்டும் தரையில் இறங்கியிருந்தால், எனக்கு யார் சொல்வார்கள்? அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது. மறுபடி அழைத்தேன். வெகுநேரம் கழித்து எடுக்கப்பட்டது, ஆனால் குரல் எதுவும் இல்லை, மிஷின் ஓடும் இரைச்சல் மட்டும் வந்தது.

"அம்மா? போய்ச் சேந்துட்டியாம்மா?"

"என்னது? சத்தமாப் பேசு, இங்க மிசினு ஓடுது."

"போய்ச் சேந்துட்டியான்னு கேட்டேன்."

"சேராம எங்க போவாங்க? வேல நேரத்துல எதுக்குப் போன் பண்ற? இங்க இத்தன நாளா எவளோ போட்ட முடிச்செல்லாம் அவுந்து கெடக்குது. வெய்யி."

வைத்துவிட்டாள். அவள் குரலுக்குப் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தேன். உள்ளே கடலை உரித்துக்கொண்டிருந்த அர்த்தநாரி அண்ணன் தலையை நீட்டினார்.

"யாரு, உங்கம்மாவா?"

"ஆமாங்ணா."

"கோவமா இருக்குதாட்ட இருக்குது."

"ஆமாங்ணா" என்றேன், "நல்ல கோவம்."